கான் திரைப்பட விழா, 1968

1968ஆம் ஆண்டின் கான் திரைப்பட விழா, பிரான்சின் தென்கடற்கரை நகரான கானில் நடைபெறும் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் 21ஆவது பதிப்பாகும். தமிழ் இதழ்களில் இவ்விழா கேன்ஸ் திரைப்பட விழா எனவும் குறிப்பிடப்படுகிறது. 1968 மே 10 அன்று தொடங்கிய இப்பதிப்பு மே 24 வரை நடைபெறத் திட்டமிடப்பட்டிருந்தது. ஆயினும் மே 19 அன்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பரிசு எதுவும் வழங்கப்படவில்லை.

அப்போது பிரான்சு முழுவதும் பரவியிருந்த மாணவர், தொழிலாளர் போராட்டங்களே இதற்குப் பின்னணியாக அமைந்தன. விழாவை நிறுத்தக் கோரியவர்கள் வெளியாட்கள் அல்லர். பிரான்சுவா துரூஃபோ, ழான்-லூக் கோடார், லூயி மால், குளோது லெலூஷ் முதலிய திரைப்பட இயக்குநர்களே ஆவர். கான் விழாவின் வரலாற்றில் தொடங்கிய பின் இடையில் கைவிடப்பட்ட ஒரே பதிப்பு இதுவாகும். விழாவில் காட்டப்படும் படங்களைத் தெரிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை இந்நிகழ்வு வலுவாக எழுப்பியது. அடுத்த சில ஆண்டுகளில் கான் விழாவின் அமைப்பும் தேர்வு முறையும் மாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாயிற்று.

விழாக் குறிப்பு

பதிப்பு: 21
இடம்: பலே குரோவசெத் அரங்கம், கான், பிரான்சு
தொடக்கம்: மே 10, 1968
திட்டமிட்ட நிறைவு: மே 24, 1968
நிறுத்தப்பட்ட நாள்: மே 19, 1968
தொடக்கப் படம்: கான் வித் த விண்ட் (1939ஆம் ஆண்டின் அமெரிக்கப் படம், புதுப்பிக்கப்பட்ட 70 மி.மீ. படி)
நடுவர் குழுத் தலைவர்: ஆந்திரே ஷாம்சோன்
உயரிய பரிசு: கிராண்ட் பிரீ (வழங்கப்படவில்லை)

பின்னணி

கான் விழா

முதல் கான் விழா 1939 செப்டம்பரில் நடைபெறவிருந்தது. இரண்டாம் உலகப்போர் மூண்டதால் கைவிடப்பட்டு, 1946இல்தான் நடந்தேறியது. அவ்விழாவில் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களுள் சேத்தன் ஆனந்த் இயக்கிய நீச்சா நகர் என்னும் இந்தித் திரைப்படமும் ஒன்றாகும். பணப் பற்றாக்குறையால் 1948, 1950 ஆகிய ஆண்டுகளில் விழா நடைபெறவில்லை. 1955 முதல் 1963 வரை உயரிய பரிசு தங்கப் பனை என்னும் பெயரில் வழங்கப்பட்டது. 1964 முதல் 1974 வரை கிராண்ட் பிரீ என்ற பழைய பெயரே மீண்டும் வழக்கிலிருந்தது. எனவே 1968இல் போட்டியிட்ட படங்கள் தங்கப் பனைக்காகப் போட்டியிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அக்காலத்தில் போட்டிக்குரிய படங்களைப் பெரும்பாலும் அந்தந்த நாடுகளின் அரசுகளோ அரசு சார்ந்த அமைப்புகளோ தெரிவு செய்து அனுப்பின. விழாக் குழு சில படங்களைத் தானே அழைப்பதும் உண்டு. இதனால் திரைப்பட விழா ஓரளவு தூதரக நிகழ்ச்சியைப் போலவே நடத்தப்பட்டது. ஒரு நாட்டின் மனத்தைப் புண்படுத்தக்கூடும் எனக் கருதப்பட்ட படங்கள் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. நாசி வதை முகாம்களைப் பற்றி அலேன் ரெனே எடுத்த இரவும் மூடுபனியும் என்னும் ஆவணப்படம், மேற்கு செருமனியின் எதிர்ப்பால் 1956இல் போட்டிக்கு வெளியே வைக்கப்பட்டது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

இம்முறையைப் பிரான்சின் இளம் விமர்சகர்கள் கடுமையாகச் சாடிவந்தனர். அவர்களுள் ஒருவரான துரூஃபோவுக்கு 1958ஆம் ஆண்டு விழாவில் பத்திரிகையாளருக்குரிய அனுமதி மறுக்கப்பட்டது. மறு ஆண்டே தமது முதல் முழுநீளப் படமான நானூறு அடிகள் மூலம் அவர் அதே விழாவில் சிறந்த இயக்குநர் பரிசைப் பெற்றார். விமர்சகர்களாக இருந்து இயக்குநர்களாக மாறிய இத்தலைமுறையினரின் படங்கள் புதிய அலை என்னும் பெயரால் அறியப்பட்டன.

லாங்லுவா விவகாரம்

1968 மே மாத நிகழ்வுகளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பிரெஞ்சுத் திரையுலகம் அரசுடன் மோதியிருந்தது. 1936இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தை அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஆன்றி லாங்லுவா நடத்திவந்தார். அழிந்துபோகவிருந்த பல பழைய படங்களைத் தேடிச் சேர்த்தவர் அவர். புதிய அலை இயக்குநர்கள் பலர் இக்காப்பகத்தின் திரையிடல்களைப் பார்த்தே திரைப்படக் கலையைக் கற்றுக்கொண்டனர்.

1968 பெப்ரவரி 9 அன்று, பண்பாட்டு அமைச்சரும் எழுத்தாளருமான ஆந்திரே மால்ரோவின் அமைச்சகம் லாங்லுவாவைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. நிர்வாகக் குறைபாடுகள் காரணமாகக் கூறப்பட்டன. இதனை எதிர்த்துப் பெப்ரவரி 14 அன்று பாரிசில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் காவல்துறையினர் தடியடி நடத்தினர். சார்லி சாப்ளின், ரொபெர்த்தோ ரொசெல்லினி உள்ளிட்ட வெளிநாட்டுக் கலைஞர்களும் லாங்லுவாவுக்கு ஆதரவு தெரிவித்தனர். தங்கள் படங்களைப் புதிய நிர்வாகம் காட்டக்கூடாது என இயக்குநர்கள் பலர் அறிவித்தனர். இறுதியில் ஏப்ரல் 22 அன்று லாங்லுவா மீண்டும் பொறுப்பில் அமர்த்தப்பட்டார்.

இப்போராட்டத்தை நடத்துவதற்காக அமைக்கப்பட்ட காப்பகப் பாதுகாப்புக் குழுவே பின்னர் கானிலும் செயற்பட்டது. ஒன்றிணைந்து நின்றால் அரசின் முடிவையும் மாற்றலாம் என்னும் நம்பிக்கையை இயக்குநர்களுக்கு இவ்வெற்றி அளித்திருந்தது.

மே 1968

பாரிசை அடுத்த நாந்தேர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாணவர் போராட்டம், மே 3 அன்று சோர்போன் வளாகத்தினுள் காவல்துறை நுழைந்ததைத் தொடர்ந்து தீவிரமடைந்தது. மே 10ஆம் நாள் இரவு பாரிசின் இலத்தீன் குடியிருப்புப் பகுதியில் மாணவர்கள் தெருக்களில் தடுப்பரண்கள் அமைத்தனர். விடியும்வரை மோதல் நீடித்தது, நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தனர். மே 13 அன்று தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன. மறுநாள் முதல் தொழிற்சாலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றத் தொடங்கினர். மாத இறுதிக்குள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டோர் தொகை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

நடுவர் குழு

முழுநீளப் படங்களுக்கான நடுவர் குழுவில் பின்வருவோர் இடம்பெற்றிருந்தனர்.

- ஆந்திரே ஷாம்சோன் (தலைவர்), எழுத்தாளர், பிரெஞ்சுக் கழக உறுப்பினர்
- மோனிக்கா விட்டி, நடிகை, இத்தாலி
- லூயி மால், இயக்குநர், பிரான்சு
- ரோமன் போலான்ஸ்கி, இயக்குநர்
- டெரன்ஸ் யங், இயக்குநர், பிரித்தானியா. ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் படமான டாக்டர் நோவை இயக்கியவர்
- வெல்கோ புலாயிச், இயக்குநர், யுகோசுலாவியா
- ராபர்ட் ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி, கவிஞர், சோவியத் ஒன்றியம்
- குளோது அவ்லீன், எழுத்தாளர், பிரான்சு
- ழான் லெஸ்க்யூர், கவிஞர், பிரான்சு
- போல் கதேயாக், தயாரிப்பாளர், பிரான்சு
- யான் நூர்ட்லாண்டர், சுவீடன்
- போரிஸ் ஃபொன் போரெஸ்ஹோல்ம், மேற்கு செருமனி

இவர்களுள் மால், போலான்ஸ்கி, விட்டி, யங் ஆகிய நால்வரும் மே 18 அன்று பதவி விலகினர்.

போட்டிப் படங்கள்

போட்டிப் பிரிவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் தெரிவு செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை திரையிடப்படாமலேயே விழா முடிவுற்றது. தெரிவு செய்யப்பட்டிருந்த படங்களுள் குறிப்பிடத்தக்கவை பின்வருமாறு.

- தீயணைப்பு வீரர்களின் விருந்து (செக்கோசுலோவாக்கியா), இயக்கம் மிலோஸ் ஃபோர்மன்
- விருந்தும் விருந்தினரும் பற்றிய அறிக்கை (செக்கோசுலோவாக்கியா), இயக்கம் யான் நெமெத்ஸ்
- மனம்போன கோடை (செக்கோசுலோவாக்கியா), இயக்கம் இரி மென்செல்
- பெப்பர்மிண்ட் ஃபிராப்பே (எசுப்பானியா), இயக்கம் கார்லோஸ் சவுரா
- உன்னைக் காதலிக்கிறேன், உன்னைக் காதலிக்கிறேன் (பிரான்சு), இயக்கம் அலேன் ரெனே
- பிரான்சில் 13 நாட்கள் (பிரான்சு), இயக்கம் குளோது லெலூஷ், பிரான்சுவா ரைஷென்பாக்; 1968ஆம் ஆண்டு கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றிய ஆவணப்படம்
- ஒரு பெண்ணின் வாழ்வில் 24 மணிநேரம் (பிரான்சு), இயக்கம் தொமினிக் தெலூஷ். ஸ்டெஃபான் சுவைக்கின் கதையைத் தழுவியது
- நீல கொலுவாஸ் (பிரான்சு), இயக்கம் மிஷேல் கூர்னோ
- சிவப்பும் வெள்ளையும் (அங்கேரி), இயக்கம் மிக்லோஸ் யாஞ்சோ. உருசிய உள்நாட்டுப் போரைக் களமாகக் கொண்டது
- எறியப்பட்ட கல் (அங்கேரி), இயக்கம் சாண்டோர் சாரா
- அன்னா கரேனினா (சோவியத் ஒன்றியம்), இயக்கம் அலெக்சாந்தர் சார்கி. டால்ஸ்டாயின் புதினத்தைத் தழுவியது
- மத்தேயுவின் வாழ்க்கை (போலந்து), இயக்கம் விட்டோல்ட் லெஷ்சின்ஸ்கி; நார்வே எழுத்தாளர் தார்யெய் வேசோசின் புதினத்தைத் தழுவியது
- குரோனெக்கோ (சப்பான்), இயக்கம் கனெத்தோ ஷிண்டோ
- அவருடைய வலப்பக்கத்தில் அமர்ந்தவர் (இத்தாலி), இயக்கம் வலேரியோ சுர்லினி. கொங்கோ தலைவர் பத்ரிஸ் லுமும்பாவின் இறுதி நாட்களை நினைவூட்டும் கதை
- மிலான் கொள்ளையர் (இத்தாலி), இயக்கம் கார்லோ லிட்சானி
- கோட்டை (மேற்கு செருமனி), இயக்கம் ருடால்ஃப் நோல்ட்டெ. காஃப்காவின் புதினத்தைத் தழுவியது
- சார்லி பபிள்ஸ் (பிரித்தானியா), இயக்கம் ஆல்பர்ட் ஃபின்னி
- பெட்யூலியா (அமெரிக்கா), இயக்கம் ரிச்சர்ட் லெஸ்டர்
- தெவ்யேயும் அவனுடைய ஏழு பெண்களும் (இசுரேல்), இயக்கம் மெனாஹெம் கோலான்

செக்கோசுலோவாக்கியாவிலிருந்து மூன்று படங்கள் ஒரே ஆண்டில் இடம்பெற்றமை அக்காலச் சூழலை உணர்த்துகிறது. 1968 தொடக்கத்தில் அலெக்சாந்தர் துப்செக் கட்சித் தலைமையை ஏற்ற பின்னர் அந்நாட்டில் தணிக்கை தளர்ந்தது. பிராகா வசந்தம் எனப்படும் இக்காலகட்டத்தில், முன்னர் முடக்கப்பட்டிருந்த நெமெத்சின் படமும் வெளிவர முடிந்தது.

நிகழ்வுகள்

மே 10 முதல் மே 17 வரை

விழா வழமையான ஆடம்பரத்துடனேயே மே 10 அன்று தொடங்கியது. பாரிசில் தடுப்பரண்கள் எழுந்ததும் அதே இரவில்தான். மே 13 அன்று பிரெஞ்சுத் திரைப்பட விமர்சகர் சங்கம், மாணவர்களுக்கு ஆதரவாக விழாவை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டது. விழாவின் பொதுப் பொறுப்பாளரான ரொபேர் ஃபாவ்ர் லெ பிரே இதற்கு இணங்கவில்லை. பல நாடுகளிலிருந்து வந்த விருந்தினர்களைப் பிரான்சின் உள்நாட்டுப் பிரச்சினையில் சிக்கவைக்கக்கூடாது என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. திரையிடல்கள் தொடர்ந்தன.

மே 17 அன்று திரைத்துறைத் தொழிலாளர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள், மாணவர்கள் ஆகியோர் பாரிசின் வோஜிரார் தெருவிலுள்ள திரைப்படப் பள்ளியில் கூடி, திரைப்படப் பொதுப் பேரவை என்னும் அமைப்பை உருவாக்கினர். கான் விழாவை நிறுத்த வேண்டும் என இப்பேரவை அழைப்பு விடுத்தது.

மே 18

மே 18 சனிக்கிழமை காலை, காப்பகப் பாதுகாப்புக் குழுவின் சார்பில் விழா அரங்கின் ழான் கொக்தோ மண்டபத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்று நடைபெற்றது. லாங்லுவா விவகாரத்தைப் பற்றிப் பேசக் கூட்டப்பட்ட இச்சந்திப்பு, விழாவின் எதிர்காலத்தைப் பற்றிய விவாதமாக மாறியது. துரூஃபோ, கோடார், லெலூஷ், மால், போலான்ஸ்கி, குளோது பெரி, ழான்-கபிரியேல் அல்பிகோகோ முதலியோர் இதில் கலந்துகொண்டனர்.

நாட்டில் தொடர்வண்டிகளும் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கும்போது விழா மட்டும் எதுவும் நடவாததுபோலத் தொடர்வது நகைப்புக்குரியது எனத் துரூஃபோ வாதிட்டார். கோடாரின் குற்றச்சாட்டு திரைப்படங்களைப் பற்றியதாக இருந்தது. அன்றைய மாணவர்களின் வாழ்வையோ தொழிலாளர்களின் வாழ்வையோ காட்டும் படம் ஒன்றுகூட விழாவில் இல்லை என்றும், அதற்குத் தாமும் தம் நண்பர்களும் பொறுப்பாளிகள் என்றும் அவர் கூறினார். திரைப்படங்களைத் தொடர்ந்து காட்டவேண்டும் என வாதிட்டோரிடம் அவர் சினந்து பேசிய காட்சி படச்சுருளில் பதிவாகி, பின்னர் பல ஆவணப்படங்களில் எடுத்தாளப்பட்டுள்ளது.

நடுவர்களுள் நால்வர் பதவி விலகியமை இக்கூட்டத்திலேயே தெரியவந்தது. ரெனே, ஃபோர்மன், சவுரா, லெலூஷ், கூர்னோ ஆகியோர் தத்தம் படங்களைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டனர். பின்னர் கூட்டத்தினர் அரங்கின் பெரிய மண்டபத்தினுள் சென்று மேடையைக் கைப்பற்றினர். நடுவர் குழு செயலிழந்ததால், பரிசுப் போட்டியின்றித் திரையிடல்கள் மட்டும் தொடரும் என ஃபாவ்ர் லெ பிரே அறிவித்தார். இத்தீர்வைப் போராட்டக்காரர்கள் ஏற்கவில்லை.

அன்று பிற்பகல் சவுராவின் பெப்பர்மிண்ட் ஃபிராப்பே திரையிடப்படவிருந்தது. தம் படத்தைத் திரையிட வேண்டாம் என இயக்குநரே கேட்டுக்கொண்டும் அரங்கின் விளக்குகள் அணைக்கப்பட்டன. சவுராவும் படத்தின் நாயகி ஜெரால்டின் சாப்ளினும் கோடார், துரூஃபோ முதலியோருடன் சேர்ந்து திரைச்சீலையைப் பற்றிக்கொண்டு அது திறக்காதவாறு தடுத்தனர். பார்வையாளர்களுள் ஒரு பகுதியினர் படத்தைக் காட்டுமாறு கூச்சலிட்டனர். மேடையில் கைகலப்பு ஏற்பட்டது. இறுதியில் விளக்குகள் மீண்டும் ஏற்றப்பட்டு, திரையிடல் கைவிடப்பட்டது.

மே 19

மே 19 ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், விழா முடிவுக்கு வந்துவிட்டதாக ஃபாவ்ர் லெ பிரே அறிவித்தார். திட்டமிட்ட நாளுக்கு ஐந்து நாட்கள் முன்னதாகவே விழா முடிந்தது. வேலைநிறுத்தத்தால் தொடர்வண்டிகளும் வானூர்திகளும் இயங்காமற்போக, ஊர்திகளுக்கான எரிபொருளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இதனால் வெளிநாட்டு விருந்தினர்கள் கானைவிட்டு வெளியேறப் பெரிதும் சிரமப்பட்டனர்.

விழா நிற்பதற்கு முன் கடைசியாகக் காட்டப்பட்ட படங்களுள் ஒன்று, விமர்சகர் வாரம் என்னும் இணைப் பிரிவில் இடம்பெற்ற டப்ளினுக்குச் செல்லும் கரடுமுரடான பாதை ஆகும். அயர்லாந்துப் பத்திரிகையாளர் பீட்டர் லெனன் இயக்கிய இந்த ஆவணப்படம், அந்நாட்டில் திருச்சபையும் அரசும் செலுத்திய ஆதிக்கத்தை விமர்சித்தது. கானில் அதன் பயணம் தடைப்பட்டாலும், பாரிசில் போராட்டத்தில் ஈடுபட்டிருந்த மாணவர்களும் தொழிலாளர்களும் அதனைத் திரையிட்டுப் பார்த்தனர்.

மாறுபட்ட கருத்துகள்

விழாவை நிறுத்தியவர்களுள் பலர் அவ்விழாவினாலேயே புகழ்பெற்றவர்கள். துரூஃபோ 1959இல் கானில் பரிசு பெற்றவர். மால் 1956இல் ழாக்-இவ் கூஸ்தோவுடன் சேர்ந்து தங்கப் பனையைப் பெற்றவர். லெலூஷின் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் 1966இல் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்டது. தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டவர்கள் பிறருடைய வாய்ப்பைப் பறிக்கின்றனர் என்னும் குறைகூறல் அப்போதே எழுந்தது.

கிழக்கு ஐரோப்பியக் கலைஞர்களுக்கு இக்கேள்வி வேறு வகையில் முக்கியமானது. பொதுவுடைமை ஆட்சியிலிருந்த போலந்தில் வளர்ந்த போலான்ஸ்கி, நண்பர்களுக்காகப் பதவி விலகியபோதும் இப்போராட்டத்தில் முழு நம்பிக்கை கொண்டிருக்கவில்லை. பிரெஞ்சு நண்பர்கள் புரட்சி விளையாட்டு விளையாடுவதாகவே தமக்குத் தோன்றியது என அவர் பின்னாளில் கூறியுள்ளார். சொந்த நாட்டில் தணிக்கையுடன் போராடி எடுத்த படத்தை உலகுக்குக் காட்டக் கிடைத்த அரிய வாய்ப்பு, கருத்துரிமை கொண்ட ஒரு நாட்டில் நடந்த போராட்டத்தினால் இல்லாமற்போயிற்று என்பது இந்நிகழ்வின் முரண் ஆகும்.

ஃபோர்மனின் தீயணைப்பு வீரர்களின் விருந்து இதற்குத் தக்க சான்றாகும். ஒரு சிற்றூர் விருந்தில் பரிசுப் பொருட்கள் ஒவ்வொன்றாகத் திருடுபோவதை நகைச்சுவையுடன் சொல்லும் இப்படம், ஆட்சியாளர்களைக் கேலி செய்வதாகக் கருதப்பட்டது. முதலீடு செய்திருந்த இத்தாலியத் தயாரிப்பாளர் கார்லோ போந்தி பின்வாங்கியபோது, அதன் வெளிநாட்டு உரிமையை வாங்கி ஃபோர்மனைக் காத்தவர்கள் துரூஃபோவும் குளோது பெரியும் ஆவர். எனவே விழா நின்றதால் இழப்பு அடைந்தவர்களுள் அதனை நிறுத்தியவர்களும் அடங்குவர்.

விளைவுகள்

படங்களும் கலைஞர்களும்

நிறுத்தப்பட்ட விழாவின் படங்கள் வெவ்வேறு கதியை அடைந்தன. பெப்பர்மிண்ட் ஃபிராப்பே அடுத்த மாதம் பெர்லின் விழாவில் சவுராவுக்குச் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடியைப் பெற்றுத் தந்தது. மென்செலின் மனம்போன கோடை அதே ஆண்டு கார்லோவி வாரி விழாவில் உயரிய பரிசைப் பெற்றது. ரெனேயின் படம் வணிக அளவில் தோல்வியுற்றது. அவரது அடுத்த முழுநீளப் படம் 1974இல்தான் வெளிவந்தது.

1968 ஆகத்து 20ஆம் நாள் இரவு, சோவியத் ஒன்றியத்தின் தலைமையிலான வார்சா உடன்படிக்கைப் படைகள் செக்கோசுலோவாக்கியாவினுள் நுழைந்தன. பிராகா வசந்தம் முடிவுக்கு வந்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஃபோர்மன், நெமெத்ஸ் ஆகியோரின் படங்கள் தாய்நாட்டில் தடைசெய்யப்பட்டன. கானில் அப்படங்கள் இழந்த வாய்ப்பு திரும்பக் கிடைக்கவில்லை. ஃபோர்மன் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, 1975இல் ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட் என்னும் படத்தை இயக்கினார். 1985இல் கான் விழாவின் நடுவர் குழுத் தலைவராகவும் அவர் பணியாற்றினார்.

மே 18 அன்று ஒரே மேடையில் நின்ற துரூஃபோவும் கோடாரும் பின்னர் வெவ்வேறு வழிகளில் சென்றனர். கோடார் வணிகத் திரைப்படத்தைத் துறந்து, சீகா வெர்த்தோவ் குழு என்னும் பெயரில் அரசியல் படங்களை எடுத்தார். துரூஃபோ கதைப் படங்களையே தொடர்ந்து எடுத்தார். 1973இல் துரூஃபோவின் பகலில் இரவு வெளியானதைத் தொடர்ந்து இருவரின் நட்பும் முறிந்தது.

இயக்குநர்களின் இருவாரம்

1968 சூனில் பிரெஞ்சு இயக்குநர்கள் திரைப்பட இயக்குநர் சங்கம் ஒன்றை நிறுவினர். இச்சங்கம் 1969 முதல், கான் விழா நடைபெறும் அதே நாட்களில், அதே நகரில் இயக்குநர்களின் இருவாரம் என்னும் தனி நிகழ்வை நடத்தத் தொடங்கியது. இதில் போட்டியில்லை, தணிக்கையில்லை, அரசுகளின் பரிந்துரையும் தேவையில்லை. பியேர்-ஆன்றி தெலோ 1998 வரை முப்பது ஆண்டுகள் இதனை நடத்தினார். மார்ட்டின் ஸ்கோர்செசியின் மீன் ஸ்ட்ரீட்ஸ் (1974), ஜிம் ஜார்முஷின் ஸ்ட்ரேஞ்சர் தன் பாரடைஸ் (1984), ஸ்பைக் லீயின் ஷீஸ் காட்டா ஹேவ் இட் (1986) ஆகியவை இங்குக் காட்டப்பட்ட படங்களுள் சிலவாகும். 2023 முதல் இதன் பிரெஞ்சுப் பெயர் திரைக்கலைஞர்களின் இருவாரம் எனப் பொருள்படுமாறு மாற்றப்பட்டது.

2021இல் பாயல் கபாடியாவின் எ நைட் ஆஃப் நோயிங் நத்திங் இப்பிரிவில் திரையிடப்பட்டு, அவ்வாண்டு கானின் சிறந்த ஆவணப்படத்துக்கான தங்கக்கண் பரிசைப் பெற்றது. இந்தியப் பல்கலைக்கழக மாணவர்களின் போராட்டங்களைப் பற்றிய படம் அது. மாணவர்களின் வாழ்வைக் காட்டும் படம் விழாவில் இல்லை என்ற 1968ஆம் ஆண்டின் குறை, அக்குறையிலிருந்து பிறந்த பிரிவிலேயே இவ்வாறு ஓர் இந்தியப் படத்தால் நிறைவு செய்யப்பட்டது எனலாம்.

தேர்வு முறை மாற்றம்

இயக்குநர்களின் இருவாரத்தின் வெற்றி, முதன்மை விழாவையும் மாற்றத்துக்கு உள்ளாக்கியது. 1972 முதல், நாடுகள் படங்களைத் தெரிவு செய்து அனுப்பும் முறை கைவிடப்பட்டு, விழா நிர்வாகமே படங்களைத் தெரிவு செய்யத் தொடங்கியது. இதன்பின் ஒரு படம் தன் நாட்டு அரசின் பேராளராக அன்றி, தன் இயக்குநரின் ஆக்கமாகவே கானில் மதிக்கப்படலாயிற்று.

1969ஆம் ஆண்டின் 22ஆவது விழாவில் லிண்ட்சே ஆண்டர்சனின் இஃப்.... என்னும் பிரித்தானியப் படம் கிராண்ட் பிரீயைப் பெற்றது. ஓர் உறைவிடப் பள்ளி மாணவர்கள் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழும் கதை அது. கோஸ்தா-காவ்ராசின் அரசியல் படமான இசட் நடுவர் குழுப் பரிசைப் பெற்றது.

பிற விழாக்கள்

கான் நிகழ்வின் தாக்கம் பிற விழாக்களிலும் உணரப்பட்டது. 1968இல் இத்தாலியின் வெனிசு விழாவும் எதிர்ப்புகளுக்கு உள்ளாயிற்று. 1969 முதல் 1979 வரை வெனிசில் தங்கச் சிங்கம் பரிசு வழங்கப்படவில்லை. 1970இல் வியட்நாம் போர் பற்றிய மிக்காயேல் ஃபெர்ஹோவெனின் ஓ.கே. என்னும் படம் தொடர்பாக எழுந்த சர்ச்சையில் பெர்லின் விழாவின் நடுவர் குழு விலகியது. போட்டி பரிசின்றி முடிந்தது.

லூயி மாலும் சென்னையும்

பதவி விலகிய நடுவர்களுள் ஒருவரான லூயி மால், 1968இன் தொடக்க மாதங்களை இந்தியாவில் படப்பிடிப்பில் கழித்துவிட்டுக் கானுக்கு வந்திருந்தார். அப்போது எடுக்கப்பட்ட காட்சிகளிலிருந்து ஏழு பகுதிகள் கொண்ட மாய இந்தியா என்னும் ஆவணத் தொடர் உருவாக்கப்பட்டு, 1969இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதன் ஒரு பகுதி முழுவதும் சென்னையைப் பற்றியதாகும். மயிலாப்பூர்த் தேர்த்திருவிழா, கலாசேத்திராவின் நடனப் பயிற்சி ஆகியவற்றுடன், ஏ. பி. நாகராசன் இயக்கிய தில்லானா மோகனாம்பாள் திரைப்படத்தின் படப்பிடிப்பும் இதில் பதிவாகியுள்ளது. 1970இல் இத்தொடரைப் பிபிசி ஒளிபரப்பியபோது, இந்தியாவின் வறுமையை மிகைப்படுத்துவதாக இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. அதன் தொடர்ச்சியாகப் பிபிசியின் தில்லி அலுவலகம் சில காலம் மூடப்பட்டது.

பிற்கால நினைவு

1968க்குப் பின்னர் கான் விழா இடையில் நிறுத்தப்பட்டதில்லை. கொரோனா பெருந்தொற்றால் 2020 மே மாத விழா தொடங்கப்படாமலேயே கைவிடப்பட்டது. 2008இல், நாற்பது ஆண்டு நிறைவையொட்டி, 1968இல் காட்டப்படாமற்போன படங்களுள் சில கானில் திரையிடப்பட்டன. திரைச்சீலையைப் பிடித்து நிறுத்தப்பட்ட பெப்பர்மிண்ட் ஃபிராப்பேயும் அவற்றுள் ஒன்று.

போராட்டம் நடைபெற்ற பலே குரோவசெத் அரங்கம் இப்போது இல்லை. 1983இல் விழா புதிய அரங்கத்துக்கு மாறிய பின்னர், பழைய கட்டடம் இடிக்கப்பட்டு அவ்விடத்தில் விடுதி ஒன்று எழுப்பப்பட்டது. அவ்விடுதியின் கீழ் அமைந்துள்ள குரோவசெத் அரங்கில்தான் இயக்குநர்களின் இருவாரம் நடைபெற்றுவருகிறது.